நாலா, ஆறா? தாத்தாவின் பத்திரமும் செயலி தந்த படமும்

கேள்வி: எங்கள் தாத்தா கொல்லம் ஆண்டு 1098, மகர மாதத்தில் வாங்கிய நிலத்தின் ஆதாரம் வீட்டில் இருக்கிறது. திருவிதாங்கூரின் சங்கு முத்திரைத் தாளில் தமிழில் கையால் எழுதியது. ஓடு ஒழுகி, பெட்டியோடு நனைந்து காய்ந்ததில் மை துருநிறமாக வெளுத்துவிட்டது. நடு மடிப்பு கிழிந்திருக்கிறது. பின்பக்க எழுத்து முன்பக்கம் தெரிகிறது. பரப்பளவு எழுதிய இலக்கம் சரியாக அந்த மடிப்பிலேயே வருகிறது. தம்பி மகன் போனில் படமெடுத்து ஏதோ ஒரு ஏஐ செயலியில் போட்டான். புதிதாக எழுதியதுபோலப் பளிச்சென்று வந்தது. அதில் 62 சென்ட் என்று தெளிவாக இருக்கிறது. மூலத்தைப் பார்த்தால் எனக்கு 42 போலத் தோன்றுகிறது. இதை வைத்து வீட்டில் பேச்சு முற்றிக்கொண்டு வருகிறது. இரண்டு படங்களையும் அனுப்பியிருக்கிறேன். அழிந்த எழுத்தை உண்மையிலேயே மீட்க முடியுமா? எதை நம்புவது?
- ஆரியங்காவு வாசகர்

பதில்:

அண்ணாச்சி, வணக்கம். இரண்டு படங்களையும் பெரிதாக்கிப் பார்த்துவிட்டேன். முதலில், செயலி தந்த அந்தப் படத்தை ஓரமாக வையுங்கள். 62 தவறு என்று நான் சொல்லவில்லை. அது சரியாகவே இருந்தாலும் அந்தப் படம் அதற்குச் சாட்சி ஆகாது.

இந்த வகைச் செயலிகள் தாளில் மங்கிக் கிடக்கும் மையைத் தேடி எடுப்பதில்லை. லட்சக்கணக்கான படங்களைப் பார்த்துப் பழகியதை வைத்து, 'இந்த இடத்தில் இப்படி ஒரு கோடு இருந்தால் பொருத்தமாக இருக்கும்' என்று தாங்களே வரைகின்றன. விடை தெரியாத மாணவன் அழகான கையெழுத்தில் பக்கத்தை நிரப்பிவிட்டு வருவதுபோலத்தான். முகம் மங்கிய பழைய கல்யாணப் போட்டோ என்றால் இதில் பெரிய கேடில்லை, தாத்தாவின் மீசை கொஞ்சம் கூடக்குறைய வரும், அவ்வளவுதான். பத்திரத்தில் ஒரு சுழி மாறினால் இருபது சென்ட் மாறுகிறது.

நீங்கள் அனுப்பிய இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மேலிருந்து ஐந்தாவது வரியில், மூலத்தில் நீர்க்கறை மட்டும் இருக்கும் இடத்தில் செயலி மூன்று எழுத்துகளை வைத்திருக்கிறது. மூன்றுமே தமிழ் போலத் தெரிகின்றன, ஆனால் எந்தத் தமிழ் எழுத்தும் இல்லை. ஒரே படத்தில் அந்த இடத்தில் இப்படிச் செய்திருக்கும்போது, இலக்கத்தில் மட்டும் ஒழுங்காக நடந்திருக்கும் என்று எப்படி நம்புவது?

இந்த வகைச் செயலி இல்லாத காலத்திலும் இது நடந்திருக்கிறது. 2013இல், உலகமெங்கும் அலுவலகங்களில் இருந்த ஒருவகை ஸ்கேனர் இயந்திரங்கள் தாள்களை நகலெடுக்கும்போது 6ஐ 8 ஆக மாற்றிவிடுவதை ஜெர்மனியைச் சேர்ந்த டேவிட் கிரீசல் என்பவர் வெளியே கொண்டுவந்தார். கோப்பின் அளவைக் குறைப்பதற்காக, ஒரேமாதிரித் தெரியும் எழுத்துகளுக்கு ஒரே படத்தையே திரும்பத் திரும்ப ஒட்டும் சுருக்குமுறை அதில் இருந்தது. நகலில் மங்கலோ கறையோ எதுவும் இல்லை, எண் மட்டும் வேறு. மங்கலான தவறு என்றால் யாரும் சந்தேகப்படுவார்கள். பளிச்சென்ற தவறை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

சரி, உங்கள் பத்திரத்துக்கு வருவோம். 1098 மகரம் என்றால் 1923 ஜனவரி, பிப்ரவரி. அந்தக் காலத்தில் பத்திரம் எழுதுபவர்கள் பெரும்பாலும் பயன்படுத்தியது இரும்புச் சத்துள்ள நீலக்கறுப்பு மை. நம் ஊரில் கடுக்காயும் அன்னபேதி என்ற இரும்பு உப்பும் சேர்த்துக் காய்ச்சிய மசியும் அதே குடும்பம்தான். எழுதிக் காய்ந்ததும் கறுக்கும், வருடங்கள் போகப்போகத் துருநிறமாகும். உங்கள் படத்தில் தெரியும் நிறம் அதுதான் என்று நினைக்கிறேன். அப்படியென்றால் உங்களுக்குக் கொஞ்சம் அதிர்ஷ்டம் இருக்கிறது. கண்ணுக்கு வெளுத்துப்போன பிறகும் இந்த மையின் இரும்பு தாளுக்குள் இருக்கும், அது புறஊதா ஒளியை நன்றாக விழுங்கும். இருட்டறையில் புறஊதா விளக்கைக் காட்டினால் தாள் மங்கலாக ஒளிரும், மை இருந்த இடம் ஒளிராமல் கறுப்பாக நிற்கும். வெறும் கண்ணுக்குத் தெரியாத வரி இப்படிப் பல நேரம் எழுந்து வரும்.

கடைகளில் ரூபாய் நோட்டுப் பார்க்க வைத்திருக்கும் ஊதா விளக்குகள் பல 395 நானோமீட்டர் அலைநீளத்தில் எரிபவை. அவற்றின் ஊதா வெளிச்சமே படம் முழுக்கப் பரவிவிடும். 365 நானோமீட்டர் என்று போட்டிருக்கும் விளக்கு வாங்குங்கள். இரண்டு பக்கத்திலிருந்தும் சாய்வாகக் காட்டி, போனை ஸ்டாண்டில் அசையாமல் வைத்துப் படமெடுங்கள். ஒளிர்வது கண்ணுக்குத் தெரியும் ஒளிதான் என்பதால் சாதாரண கேமராவே போதும். விளக்கைக் கண்ணில் படவிடாதீர்கள், தாளிலும் படமெடுக்கும் நேரத்துக்கு மேல் வேண்டாம். நீர்க்கறையின் விளிம்பு தனியாகப் பிரகாசமாகத் தெரியும், அதை எழுத்து என்று எண்ணிக்கொள்ள வேண்டாம்.

விளக்கால் ஒன்றும் எழும்பவில்லை என்றால் கடுக்காய்த் தண்ணீர் தடவலாமா என்று யாராவது யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய நூலகங்களில் கற்றவர்களே இதைச் செய்தார்கள். மாசிக்காய்ச் சாற்றைத் தடவியதும் எழுத்து எழுந்து வந்தது, படித்து முடித்தார்கள். பிற்பாடு அந்த ஏடுகளில் தடவிய இடங்கள் பல கறுத்து, இன்று படிப்பதே பெரும்பாடாகக் கிடக்கின்றன. லேமினேஷன், செல்லோடேப், இஸ்திரிப்பெட்டி மூன்றும் அதே ரகம். கிழிந்த மடிப்பை ஒட்டாமல் அப்படியே விட்டுவிடுங்கள். இரண்டு துண்டாகவே இருந்தாலும் எனக்கு அதுதான் வசதி.

இப்போது ஸ்கேன். நீங்கள் அனுப்பியது வாட்ஸப்பில் போட்டோவாக வந்த படம். வாட்ஸப் அதை நசுக்கித்தான் அனுப்பும், மெல்லிய கோடுகள்தான் முதலில் போகும். மடிப்பில் இருக்கும் இலக்கத்தைச் சுற்றிச் சின்னச் சின்னச் சதுரங்களாகத் தெரிகிறதே, அது தாளில் இல்லை, நசுக்கியதில் வந்தது. தட்டையான ஸ்கேனரில், வண்ணத்தில், 600 டிபிஐயில் எடுத்து, படத்தை நசுக்காத டிஃப் (TIFF) கோப்பாக வையுங்கள். ஸ்கேனரில் தானாகத் திருத்தும் வசதி எது இருந்தாலும் அணைத்துவிடுங்கள். கறுப்பு வெள்ளை வேண்டவே வேண்டாம், நமக்கு உதவப்போவதே நிறம்தான். பழைய முத்திரைத் தாள் ஏ4ஐவிட நீளமாக இருக்கும். ஸ்கேனரில் அடங்காவிட்டால் மடிக்காமல் மேல் பாதி, கீழ் பாதி என்று கொஞ்சம் மேற்படிய இரண்டு தடவை எடுங்கள். ஒரு பக்கம் நூறு எம்பியைத் தாண்டலாம், தாண்டட்டும். அனுப்பும்போது போட்டோவாக இல்லாமல் டாக்குமெண்டாக அனுப்புங்கள்.

பின்பக்க எழுத்து முன்னால் தெரிவதற்கு எளிய வழி ஒன்று உண்டு. ஸ்கேனர் மூடியின் உள்பக்கம் வெள்ளையாக இருப்பதால் ஒளி தாளைத் துளைத்துப் போய்த் திரும்பி வருகிறது, பின்பக்க மையையும் கூட்டிக்கொண்டு வருகிறது. தாளுக்குப் பின்னால் ஒரு கறுப்புச் சார்ட் அட்டை வைத்து எடுத்தால் பாதி குழப்பம் தீரும். படம் கொஞ்சம் இருண்டு வரும், பரவாயில்லை. ஆனால் மை தாளுக்குள் ஊறி உண்மையாகவே மறுபக்கம் வந்திருந்தால் கறுப்பு அட்டை உதவாது. அப்போது பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்து, கண்ணாடியில் பார்ப்பதுபோலப் புரட்டி, முன்பக்கத்தின் மேல் பொருத்த வேண்டும். பொருத்தியபின் பின்பக்கத்தைக் கழித்துவிடும் வழக்கம் உண்டு. எனக்கு அது பிடிப்பதில்லை, இரண்டு பக்கக் கோடும் ஒன்றன்மேல் ஒன்று வரும் இடத்தில் நமக்கு வேண்டிய கோட்டையும் சேர்த்துக் கழித்துவிடும். நான் பின்பக்கத்தைச் சிவப்பாக்கி, பாதி ஒளிபுகும்படி மேலே போட்டுவிடுவேன். எந்தச் சுழி எந்தப் பக்கத்துடையது என்று கண்ணே பிரித்துக்கொள்ளும்.

அடுத்து நிறம். ஜிம்ப் என்ற இலவச மென்பொருளில் ஒரு வண்ணப் படத்தைச் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று சாம்பல் படங்களாகப் பிரிக்கலாம். துருநிற மை நீலப் படத்தில்தான் அதிகக் கறுப்பாக விழும். உங்கள் பத்திரத்தின் கீழே பதிவு அலுவலக முத்திரை ஊதா நிறத்தில் எழுத்தின் மேலேயே விழுந்திருக்கிறது இல்லையா? ஊதா அதே நீலப் படத்தில் வெளுத்துவிடும். எனவே முத்திரைக்கு அடியில் இருக்கும் பெயரை அங்கே படித்துவிடலாம் என்றே நம்புகிறேன். நீர்க்கறையைக் குறைக்கச் சிவப்புப் படம் நல்லது, பழுப்புக் கறை அதில் மெலியும். சிக்கல் என்னவென்றால் மையும் கூடவே மெலியும். கறையும் மையும் கிட்டத்தட்ட ஒரே நிறமாக இருக்கும் இடத்துக்கு டீஸ்ட்ரெட்ச் என்று ஒரு கருவி இருக்கிறது. பாறை ஓவியங்களில் மங்கிய காவியைக் கண்டுபிடிக்க ஜான் ஹார்மன் என்பவர் எழுதியது. நிறங்களுக்கு நடுவே இருக்கும் மிகச் சின்ன வேறுபாட்டை இழுத்துப் பெரிதாக்கிக் காட்டும். தாள் பச்சையாகவும் மை ரோஸாகவும் கண்ணைக் குத்தும்படி வரும், பார்க்கச் சகிக்காது. ஆனால் அது ஒரு கோட்டைக்கூடச் சொந்தமாகச் சேர்ப்பதில்லை. செயலிக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

பக்கம் முழுக்கத் திட்டுத்திட்டாக இருண்டிருப்பதைச் சமமாக்க, அதே படத்தின் நகலை எழுத்தே தெரியாத அளவுக்கு மங்கலாக்கி, மூலப் படத்தை அதனால் வகுத்தால் போதும். ஜிம்பில் அடுக்குகளுக்கு 'டிவைட்' என்று ஒரு முறையே இருக்கிறது. அதற்குப் பிறகு ஜிம்பின் வளைகோட்டை (Curves) லேசாக அசைத்து இருளைக் கூட்டுங்கள், லேசாக. முழுக் கறுப்பு, முழு வெள்ளை என்று வெட்டினால் மெல்லிய கோடு அறுந்து, சுழி திறந்துகொள்ளும். உங்கள் வழக்கே ஒரு சுழியில் நிற்கிறது.

ஏன் என்று சொல்கிறேன். பரப்பளவு தமிழ் இலக்கத்தில் எழுதியிருக்கிறது. தமிழ் நான்கு ௪, பார்வைக்குச் சகரம்போல. ஆறு ௬, பார்வைக்குச் 'சு' போல. மேல் பகுதி இரண்டுக்கும் ஒன்று. கீழே போகும் வால்தான் வித்தியாசம். உங்கள் தாளில் மடிப்பு சரியாக அந்த வாலின் மேல் போகிறது. இந்த இலக்கங்களை அதிகம் பார்த்திராத செயலி அதை எதுவாகவும் எடுத்துக்கொள்ளும். நான் பெரிதாக்கிப் பார்த்ததில் மடிப்புக்கு இடப்பக்கம் கீழே ஒரு சின்னக் கோடு தெரிகிறது. ௬இன் வாலாக இருக்கலாம். பின்பக்கத்திலிருந்து ஊறி வந்த ஏதோ ஒரு எழுத்தின் காலாகவும் இருக்கலாம். பின்பக்க ஸ்கேன் வந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இதைவிட நல்ல இடம் ஒன்று பத்திரத்திலேயே இருக்கிறது. அந்தக் காலத்துப் பத்திரம் எழுதுபவர்கள் கெட்டிக்காரர்கள், எண்ணை இலக்கத்தில் எழுதினால் பக்கத்திலேயே எழுத்தாலும் எழுதுவார்கள். உங்கள் தாளிலும் இரண்டு வரி கீழே '...பத்திரண்டு' என்று தெளிவாகத் தெரிகிறது. முன்பகுதிதான் கறைக்குள் போய்விட்டது. அங்கே இருந்திருக்க வேண்டியது 'நாற்' அல்லது 'அறு'. பழைய கையெழுத்தில் புள்ளி வைக்க மாட்டார்கள் என்றாலும் ந, கால், ற என்று மூன்று உருவம் வேண்டும். 'அறு'வுக்கு இரண்டே போதும். கறைக்குள் இருக்கும் இடைவெளியை இதே ஆள் மற்ற வரிகளில் எழுதிய எழுத்துகளின் அகலத்தோடு வைத்து அளந்தேன். மூன்று உருவத்துக்கான இடம்போலத்தான் இருக்கிறது. அதனால் என் மனம் 42 பக்கம் சாய்கிறது. இந்தச் சாய்வை வைத்து வேலிக்கல் நட்டுவிடாதீர்கள், நசுங்கிய படத்தில் எடுத்த அளவு இது.

நல்ல ஸ்கேன் கிடைத்ததும் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு, அதைத் தம்பி மகனிடமே கொடுங்கள். பத்திரத்தில் கெடாமல் இருக்கும் இடங்களிலிருந்து ந, அ, ற, று, ௪, ௬ எல்லாவற்றையும் வெட்டி எடுத்து, ஒரே தாளில் வரிசையாக வைக்கச் சொல்லுங்கள். ஒரு எழுத்துக்கு நான்கைந்து மாதிரி கிடைத்தால் நல்லது. எழுதியவருக்கென்று ஒரு கை இருக்கும். சகரத்தின் தலையை எப்படி வளைக்கிறார், வாலை எங்கே முடிக்கிறார் என்பது பக்கம் முழுக்க மாறாது. அந்த வரிசையோடு சேர்த்துப் பார்க்கும்போது அரைகுறைக் கோடுகூடப் பேசும். ஒரு எச்சரிக்கை: வெட்டிய நல்ல எழுத்தை எடுத்துச் சேதமான இடத்தில் ஒட்டிப் படத்தை முழுமையாக்கும் ஆசை வரும். அதைச் செய்தால் செயலி செய்ததையே நாமும் செய்ததாகும். ஊகம் இருந்தால் தனித் தாளில் எழுதுங்கள். கல்வெட்டுப் படிப்பவர்கள் சிதைந்த இடத்தில் தாங்கள் நிரப்பும் எழுத்தைச் சதுர அடைப்புக்குறிக்குள் போடுவார்கள். அதே வழக்கத்தை வைத்துக்கொள்ளலாம்: '[நாற்]பத்திரண்டு'. படிப்பவருக்கு எது தாளில் உள்ளது, எது நம் ஊகம் என்று தெரிந்துவிடும்.

பத்திர நடை தெரிந்தவர்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு, வாசகங்கள் எல்லாப் பத்திரத்திலும் ஒரே அச்சு. ௵, ௴, ௳, ௸ போன்ற குறிகள் வருடம், மாதம், நாள், மேற்படி என்று வந்த இடத்திலேயே வரும். பாதி வரி போயிருந்தாலும் மீதியை ஊகித்துவிடலாம். ஆனால் பெயர், இலக்கம், எல்லை மூன்றையும் ஊகிக்க முடியாது, நமக்கு வேண்டியதும் அந்த மூன்றுதான். எல்லை எழுதிய பகுதி உங்கள் தாளில் நன்றாகவே இருக்கிறது. கிழக்கே வாய்க்கால், வடக்கே இன்னாருடைய வயல் என்று இருப்பதை வைத்துத் தரையில் அளந்தால் 42, 62 இரண்டில் எது பொருந்தும் என்று ஒரு நில அளவையாளரே சொல்லிவிடுவார். விலையும் தெரிகிறது, ரூபாய், சக்கரம், காசு என்று. 28 சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய், 16 காசு ஒரு சக்கரம். சென்ட் ஒன்றுக்கு இவ்வளவு என்று எங்காவது எழுதியிருந்தால் வகுத்துப் பார்க்கலாம்.

இவ்வளவும் சொன்னபிறகு, பழைய படங்களைக் கணினியில் சீராக்கும் என் தொழிலை விட்டுவிட்டு ஒன்று சொல்கிறேன். உங்கள் சிக்கலைத் தீர்க்க என் கணினியைவிடப் பக்கத்து வழி ஒன்று இருக்கிறது. பத்திரத்தின் பின்பக்கம் பதிவு எண், புத்தக எண், பக்கம் எல்லாம் குறித்திருப்பார்கள். பதிவுக்கு வந்த பத்திரத்தை அலுவலகப் புத்தகத்தில் கையால் நகலெடுத்து வைப்பது வழக்கம். அந்த நகலை எழுதியவர் உங்கள் தாத்தாவின் தாளை மை காய்ந்த புதிதில், கறையும் மடிப்பும் இல்லாமல் பார்த்தவர். அவர் கண்ணைவிட நல்ல ஸ்கேனர் இனிமேல் கிடைக்கப்போவதில்லை. 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 57ஆம் பிரிவுப்படி நிலம் சம்பந்தமான முதலாம் புத்தகத்திலிருந்து யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டிச் சான்றிட்ட நகல் கேட்கலாம். மூலப் பத்திரத்தில் என்ன இருந்தது என்று காட்ட அந்த நகல் செல்லும். நான் சீராக்கித் தரும் படம் உங்கள் வீட்டுப் பேச்சுக்கு உதவும், வக்கீலுக்கு எங்கே தேடுவது என்று காட்டும், அதற்குமேல் அதற்கு மதிப்பில்லை.

உங்கள் பகுதிக்கு ஒரு கூடுதல் அலைச்சல் இருக்கலாம். 1956 நவம்பர் 1க்கு முன்பு செங்கோட்டையும் திருவிதாங்கூரோடுதான் (1949க்குப் பிறகு திருவிதாங்கூர்-கொச்சி) இருந்தது. கேரள, தமிழக எல்லை பிரிந்தபோது நிலம் ஒரு பக்கமும் அதைப் பதிந்த அலுவலகம் மறுபக்கமுமாகப் போயிருக்க வாய்ப்புண்டு. முத்திரையில் இருக்கும் அலுவலகத்தின் பெயரை முதலில் படிக்க வேண்டும். அதனால்தான் ஊதா முத்திரையைப் பற்றி மேலே அவ்வளவு சொன்னேன். பெயர் தெரிந்ததும் அங்கேயே விசாரியுங்கள். புத்தகம் அங்கே இல்லை என்றால் எங்கே போனது என்று எழுத்தில் கேளுங்கள், வாய்வார்த்தையோடு திரும்பி வராதீர்கள். நகல் கிடைத்தபின் சர்வே எண் இன்றைய எண்ணோடு ஒத்துவரவில்லை என்று பதற வேண்டாம். மறு அளவையில் எண்கள் மாறியிருக்கலாம், பழைய எண்ணுக்குப் புதிய எண் எது என்று கிராம அலுவலகத்தில் கேட்க வேண்டும்.

செயலி செய்த படத்தை அழிக்கச் சொல்லவில்லை, பையன் ஆசையாகச் செய்திருக்கிறான். கோப்பின் பெயரிலேயே 'ஏஐ வரைந்தது, மூலம் அல்ல' என்று சேர்த்துவிடச் சொல்லுங்கள். குடும்ப வாட்ஸப் குழுவில் ஏற்கெனவே போயிருந்தால் மூலத்தின் படத்தையும் அதற்குப் பக்கத்திலேயே போட்டுவிடுங்கள், நாளைக்கு யாரும் ஒன்றை மட்டும் அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நிற்கக் கூடாது.

ஸ்கேனர் அங்கே சரியாக அமையவில்லை என்றால் செங்கோட்டைக்கு நேரில் கொண்டுவாருங்கள் அண்ணாச்சி. தாளைப் பழைய மடிப்பில் மடிக்காமல், அதைவிடப் பெரிய இரண்டு அட்டைக்கு நடுவே தட்டையாக வைத்து, நூலால் கட்டிப் பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக்கொள்ளுங்கள். சாரல் அடிக்கும் ஆனி, ஆடியில் மட்டும் வேண்டாம்.